வேரோடு அகற்ற வேண்டிய கலை

சினிமாவுக்கு டிக்கெட் கொடுக்கிறவள் சினிமாவை முழுசாகப் பார்த்திருப்பாள் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு டிக்கெட் அக்காவைத் தெரியாது என்று அர்த்தம்.

இருபத்திரண்டு வருடமாக அவள் அந்தத் தியேட்டரின் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜனங்கள், இந்தப் பக்கம் அவள், நடுவே அரைவட்டமாக ஓர் ஓட்டை. படம் ஆரம்பித்த பிறகும் அரக்கப் பரக்க ஓடி வருகிறவர்கள் உண்டு. அதனால் இடைவேளை மணி அடிக்கும் வரை கவுண்டரைச் சாத்தக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். மணி அடித்ததும் சாத்திவிட்டு, பின் கதவு வழியாக உள்ளே போய், கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றுகொள்வாள். ஆகவே அவள் வாழ்க்கையில் பார்த்ததெல்லாம் இரண்டாம் பாதிகள். எண்ணூறு படங்களுக்கு மேல் அவளுக்கு முடிவு தெரியும். ஒன்றுக்குக்கூட ஆரம்பம் தெரியாது. யாரோ ஒருவன் மழையில் மண்டியிட்டு அழுவான். ஏன் அழுகிறான், அந்த மழைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம், எதுவும் தெரியாது. தெரியாமலே அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அவளுக்கும் கணவருக்கும் குழந்தை இல்லை. அதற்காக அழ வேண்டியதையெல்லாம் அவள் அந்தச் சுவரில் சாய்ந்தே அழுது தீர்த்துவிடுவாள். வீட்டுக்கு வரும்போது கண் காய்ந்திருக்கும்.

முதல் பாதி வீட்டில் கிடைக்கும். காலைக் காட்சியும் மேட்னியும் முடித்துவிட்டு அவள் ஆறரை மணிக்கு வருவாள். அவள் கணவர் அதற்குள் வந்து அரிசி களைந்து வைத்திருப்பார். தெருவில் அவருக்குப் பல்செட்டு என்று பெயர். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்வது அவர் தொழில். ஊரில் பாதிப் பேர் சிரிக்கும் சிரிப்பு அவர் கையால் செய்தது. அவள் அன்றைக்குப் பார்த்த இரண்டாம் பாதியைச் சொல்வாள். அவர் முதல் பாதியைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

"கடைசியில தங்கச்சி புருஷனையே சுட்டுடறான்," என்பாள்.

"யாரோட தங்கச்சி?"

"அவனோடதுதான். சுட்டுட்டு, அவளுக்கே பூ வாங்கிக் குடுக்கறான்."

பல்செட்டு கொஞ்ச நேரம் யோசிப்பார். "அப்ப முதல் பாதியில அந்த மாப்பிள்ளை இவனோட நாயை வித்திருப்பான்."

"படத்துல நாயே இல்லீங்க."

"அதான் வித்துட்டானே."

ஒரே ஒரு முறை இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு, ஒரு படத்தை முதலிலிருந்து பார்த்தார்கள். துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர்கள் மாதிரி வீடு திரும்பினார்கள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நம்மளோடது எவ்வளவோ தேவலை," என்றார். அதோடு அந்த ஆசை விட்டது.

ஆஸ்பத்திரியில் நாள்பட்டுப்போன பிளாஸ்டர் மாவைத் தூக்கிப் போடுவார்கள். அந்த மாவில் பல்லுக்கு அச்சு எடுத்தால் விரிசல் விடும்; ஆனால் குதிரை செய்யலாம். பல்செட்டு அதை மூட்டையாக வீட்டுக்குக் கொண்டு வந்து குழைத்துக் குதிரை செய்தார், மான் செய்தார், தூங்குகிற போலீஸ்காரரைச் செய்தார். செய்த எல்லாவற்றுக்கும் பல் வைத்தார். நிறம் சேராமல் ஒதுக்கப்பட்ட பற்கள் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும், வைக்காமல் இருக்க அவரால் முடியாது. குதிரைக்கு இருபத்தெட்டுப் பல். மான் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். கீழே குனிந்து பார்த்தால் அதற்கும் பல். கூடத்து அலமாரி மேல் ஒரு கோழி நின்றது. அவர் தங்கை ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, கோழிக்கு எங்கேயாவது பல்லு இருக்குமா?" என்று கேட்டாள்.

"அதனாலதான் மத்த கோழியெல்லாம் சிரிக்கறதில்ல," என்றார்.

டிக்கெட் அக்காவின் பங்கு சமையலறைச் சுவரில் இருந்தது. பல் அச்சில் கோடு போட அவர் வைத்திருக்கும் ஊதாப் பென்சிலை எடுத்து, அடுப்புக்கு மேலே ஒரு நாள் இப்படி எழுதினாள்:

*குக்கர் மூன்று முறை கூப்பிட்டது.*
*நான் அடுப்பை அணைக்கவில்லை.*
*நாலாவது முறையும் ஒருவர்*
*என்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று.*

சோறு அன்று குழைந்துவிட்டது. பல்செட்டு சுவரைப் படித்துவிட்டு, குழைந்த சோற்றை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அடுப்புக்கு மேல் இடம் தீர்ந்ததும் வரிகள் ஜன்னலைச் சுற்றிக்கொண்டு போயின, அலமாரிக்குப் பின்னால் நுழைந்தன, குளியலறைக் கதவு வரை வந்துவிட்டன.

இவற்றுக்கெல்லாம் அவர்கள் பெரிய பெயர் எதுவும் வைத்ததில்லை. பிளாஸ்டரில் மிஞ்சியது என்பதால் அவருடையது "மிச்சம்". அவளுடையது "கிறுக்கல்". "மிச்சத்தை நகர்த்திட்டுப் பெருக்கு" என்பார். "கிறுக்கல் மேல எண்ணெய் தெறிக்காம தாளிங்க" என்பாள். இருபது வருடம் இப்படியே போயிற்று.

அப்போதுதான் நகர அலுவலகத்திலிருந்து அந்த நோட்டீஸ் வந்தது.

*தங்கள் வீட்டில் கலை அளவுக்கு மீறி வளர்ந்திருப்பது இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. அக்கம்பக்கத்தாரின் நலன் கருதி, பதினைந்து நாட்களுக்குள் மேற்படி கலையை வேரோடு அகற்றும்படி அறிவுறுத்தப்படுகிறது. அகற்றப்பட்டதா என்பதை அலுவலர் நேரில் வந்து பார்வையிடுவார்.*

டிக்கெட் அக்கா வாசலிலேயே நின்று அதை நாலு தரம் படித்தாள். பல்செட்டு ஒரு தரம்தான் படித்தார். படித்துவிட்டுக் காகிதத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"எடுக்கச் சொல்றாங்களேங்க," என்றாள்.

"எடுக்கச் சொல்றது கிடக்கட்டும். கலைன்னு போட்டிருக்காங்க, பாத்தியா?"

"எதை? குதிரையையா?"

"குதிரையையும்தான், உன் சுவத்தையும்தான். ரெண்டையும் சேர்த்தாத்தானே அளவு மீறும்."

"யாருங்க போய்ச் சொல்லியிருப்பா?"

"யாரோ நல்ல ரசனை உள்ளவங்க."

அன்று மாலையே அவர் கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி, அந்தச் சட்டத்துக்குள் போட்டோ மேலேயே நோட்டீஸை வைத்து மாட்டினார். காகிதம் கொஞ்சம் சின்னது. ஓரத்தில் அவர்கள் இரண்டு பேருடைய காதும் தெரிந்தது.

வீடு மாறிப்போயிற்று. மறுநாள் காலை, "கலைய நகர்த்திட்டுப் பெருக்கு," என்றார். டிக்கெட் அக்கா துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னாராம், பல் கட்டிக்கொள்ள வந்தவர்களிடமும் சொன்னாராம். வாயைத் திறந்தபடி இருப்பவர்களிடம் எதைச் சொன்னாலும் பதில் பேச மாட்டார்கள், அது அவருக்கு வசதி. கோழியின் பற்களை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். குதிரை செய்யும்போதெல்லாம் கிழிந்த பனியனோடு உட்காருகிற மனிதர், இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மனிதனுக்கு ஐம்பத்து நாலு வயதில் கிடைத்த மரியாதை அது. கொடுத்தது, அகற்றச் சொல்லி வந்த காகிதமாக இருந்தால் என்ன?

அடுத்த வீட்டில் அவர் தங்கை குடியிருந்தாள். அவளுக்கும் அதே நோட்டீஸ் வந்திருந்தது. அவள் கண்டிப்பானவள். சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்கு வலிக்கும் என்று நினைக்கிறவள். அவள் வீட்டில் கலை என்று சொல்ல ஒரு காலண்டரும், வாத்துப் பூவேலை செய்த ஒரு தலையணை உறையும்தான் இருந்தன. காலண்டரை எரித்துவிட்டாள். உறையை அரிசி டப்பாவின் அடியில் புதைத்தாள். "எங்க வீட்டுல கலை கிடையாது அண்ணி. எந்த ஆபீசர் வேணா வரட்டும்," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். நாலாவது நாள் அதை நேரில் சொல்லிவிட்டு வரவே அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனாள்.

திரும்பி வந்தவள் பின்பக்கச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணி, கலை இல்லையாம். களையாம்."

"என்ன சொல்ற நீ?"

"களை அண்ணி, களை. நம்ம ரெண்டு வீட்டுக் கொல்லையிலயும் இடுப்பு உசரத்துக்கு வளர்ந்து நிக்குதே, அதப் புடுங்கச் சொல்லி வந்த நோட்டீசு. அந்த ஆபீசர் வாயில ள வராதாம். அவர் சொல்லச் சொல்ல டைப் அடிக்கற பொண்ணு மத்ததையெல்லாம் திருத்திட்டு, இதை மட்டும் காதுல விழுந்தபடியே அடிச்சுடுச்சு. நான் பாட்டுக்கு உறையை அரிசியில போட்டேன், வாத்து மூக்குல வண்டு ஏறிக் கிடக்கு. அண்ணன் இருக்காரா? கூப்பிடுங்க, சொல்லிச் சிரிக்கலாம்."

டிக்கெட் அக்காவுக்குப் பூமி பிளந்து தன்னையும் கோழியையும் சேர்த்து விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. சுவர் மேல் எக்கி நாத்தனாரின் வாயைப் பொத்தினாள்.

"அவர்கிட்ட மூச்சு விடாத. உன் கால்ல வேணா விழறேன்."

"ஏன் அண்ணி? புடுங்க வேண்டியது புல்லுதானே? நல்ல சேதிதானே?"

"அவருக்கு அது நல்ல சேதி இல்லம்மா. இருபது வருஷமா மிச்சம்னு சொல்லிட்டு இருந்த மனுஷன். இப்பத்தான் வாய் நிறையக் கலைன்னு சொல்றார். அது புல்லுன்னு தெரிஞ்சா, மறுபடியும் அந்தக் கிழிஞ்ச பனியனை எடுத்து மாட்டிக்குவார். என்னால அதைப் பார்க்க முடியாது."

நாத்தனார் தன் அண்ணி முகத்தைப் பார்த்தாள். "நீங்க சினிமா ஜாஸ்தி பாக்கறீங்க," என்றாள். ஆனாலும் சொல்வதில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். டிக்கெட் அக்காவின் தலையில்தான்.

திட்டம் சுலபமானது. பதினைந்தாம் நாளுக்குள் கொல்லையைச் சுத்தமாக்கிவிட வேண்டும். அலுவலர் வந்ததும் பக்கவாட்டுச் சந்து வழியாகவே அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், காட்டி, கையெழுத்து வாங்கி, அதே சந்து வழியாக அனுப்பிவிட வேண்டும். களை என்ற சொல்லைப் பல்செட்டு கேட்கக் கூடாது. கலை என்ற சொல் சட்டத்துக்குள்ளேயே பத்திரமாக இருக்க வேண்டும்.

தினமும் அவர் குளிக்கப் போகும் கால் மணி நேரத்தில் அவள் கொல்லைக்கு ஓடிப்போய் ஒரு மூலையைப் பிடுங்கினாள். முள் குத்தியது. அவர் அந்த வாரத்திலிருந்து விடியற்காலையில் நடக்கப் போக ஆரம்பித்திருந்தார், சர்க்கரை வந்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தினாராம். அதுவும் நல்லதாகப் போயிற்று. ஆச்சரியம் என்னவென்றால், அவள் பிடுங்கியதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் களை குறைந்தது. நாத்தனார்தான் தனக்குத் தெரியாமல் உதவி செய்கிறாள் என்று எண்ணி அவளுக்குக் கண் கலங்கியது. வாயில் விஷம் இருந்தாலும் மனசு தங்கம் என்று நினைத்துக்கொண்டாள். பதினாலாம் நாள் மாலை தண்ணீர்த் தொட்டியோரம் ஒரே ஒரு பெரிய புதர் பாக்கி இருந்தது. அது மட்டும் அவள் கைக்கு அசையவில்லை.

பதினைந்தாம் நாள் பல்செட்டு லீவு போட்டார். முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

"நீங்க எதுக்குங்க? நான் பார்த்துக்கறேன். காலைக் காட்சிக்கு ஆள் மாத்தி விட்டுட்டேன்," என்றாள்.

"கலையப் பார்க்க வர்றார். நான் இல்லாமயா?"

பத்து மணிக்கு அலுவலர் வந்தார். ஒல்லியான மனிதர். பாம்புக்குப் பயந்து பேண்ட் நுனியைக் காலுறைக்குள் செருகியிருந்தார். தோளில் ஒரு பை, கையில் அளவு நாடா. மரியாதை தெரிந்தவர், வேலையில் கெட்டி. பிறந்ததிலிருந்து அவர் நாக்குக்கும் ள என்ற எழுத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

"வணக்கம். தோட்டப் பிரிவு. உங்க வீட்டுல கலை இருக்கறதா தகவல்," என்றார்.

"ஆமாங்க," என்று பல்செட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"சார், இப்படிச் சந்து வழியா வந்துடுங்க, பக்கம்," என்று டிக்கெட் அக்கா முன்னால் பாய்ந்தாள்.

"வெயில்ல வந்திருக்கார், முதல்ல உள்ள உட்காரட்டும்மா," என்றார் பல்செட்டு. அலுவலரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு படிவத்தை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். "சில கேல்வி கேப்பேன். அதுக்கப்புறம் போய்ப் பாக்கலாம். எத்தன நாலா வலருது?"

"நாலு இல்ல சார். இருபது வருஷமா."

அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். எழுதினார். "வகை?"

"மூணு வகை சார். உருவம், வரி, கதை."

"உல்லூர்ப் பேரு போல. நான் கேல்விப்பட்டதில்ல." அதையும் எழுதினார். "உயரம்?"

"உருவம் ஒண்ணரை அடி இருக்கும். வரியெல்லாம் நாலு விரல்தான். கதைக்கு அளவு கிடையாது."

டிக்கெட் அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"பரவுதா?"

"சமையலறையில ஆரம்பிச்சது சார். இப்ப குளியலறை வரைக்கும் வந்திருக்கு."

"குலியலறைக்கா?" அலுவலர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். "சுவத்துக்குல்ல இறங்கிடுச்சா?"

"நல்லா இறங்கிடுச்சு. அடிச்சுப் பாருங்க, போகாது."

"மருந்து எதாவது அடிச்சீங்கலா?"

"ஒரு தரம் வெள்ளையடிச்சோம் சார். அடுத்த வாரமே திரும்ப வந்துடுச்சு."

"வரத்தான் செய்யும். ஆடு மாடு வாய் வச்சிருக்கா?"

"ஒரு பல்லி மட்டும் வந்து ஒட்டிக்கிட்டு நிக்கும். ஒண்ணும் ஆகல அதுக்கு."

"உங்கலுக்கு இதனால உடம்புக்கு எதாவது? அரிப்பு, கண் எரிச்சல்?"

பல்செட்டு மனைவியைப் பார்த்தார். "கண்ணு மட்டும் அப்பப்ப கலங்கும்."

அலுவலர் படிவத்தை மூடினார். முப்பது வருட வேலையில் இவ்வளவு முற்றிய நிலையை அவர் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "பயப்படாதீங்க. ரெண்டு ஆல் அனுப்பறேன், வேரோட புடுங்கிடுவாங்க. இப்ப கொல்லையைக் காட்டுங்க," என்றார்.

கொல்லைக் கதவைத் திறந்ததும் டிக்கெட் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொல்லை மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது. தொட்டியோரத்துப் புதர் இருந்த இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. அவள் நன்றியோடு சுவர்ப் பக்கம் திரும்பினாள். சுவருக்கு மேலே நாத்தனாரின் தலை தெரிந்தது. நாத்தனார் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, நான் இல்லை என்பது போல உதட்டைப் பிதுக்கினாள். அந்தக் கையில் ஒரு கீறல் இல்லை.

டிக்கெட் அக்காவின் பார்வை மெதுவாகக் கணவரின் கைக்குப் போனது. இருபத்தைந்து வருடமாக அந்த நகங்களின் இடுக்கில் வெள்ளைப் பிளாஸ்டரைத்தான் பார்த்திருக்கிறாள். இன்று பச்சையாக இருந்தது.

"ஒண்ணுமே இல்லையே," என்றார் அலுவலர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. படிவத்தை விரித்து, எழுதியபடியே வாய்விட்டுப் படித்தார். "மேற்படி கலை முழுவதும் வேரோடு அகற்றப்பட்டது. இனி இவ்வீட்டில் கலை இல்லை."

"சார்," என்றார் பல்செட்டு. "அந்த எழுத்தை மட்டும் மாத்திடுங்க."

"எந்த எழுத்து?"

பல்செட்டு மனைவி பக்கம் திரும்பவில்லை. "பல்லுக்கு வர்ற ல போட்டிருக்கீங்க. பள்ளத்துக்கு வர்ற ள போடணும்."

"பல்லத்துக்கு வர்ற லதானே போட்டிருக்கேன்?"

"அது பல்லு சார். நான் சொல்றது பள்ளம். இதோ, இந்தக் குழி."

"அதான் சொல்றேன், பல்லம்."

"பல்லு என் தொழில் சார். எனக்குத் தெரியாதா? அது வேற, இது வேற."

அலுவலர் முகம் சிவந்துவிட்டது. "இங்க பாருங்க. நோட்டீசுல என்ன இருக்கோ அதுதான் ரிப்போர்ட்டுல இருக்கணும். நோட்டீசுல கலைன்னு இருக்கு. ஒண்ணு, கலை இல்லன்னு எழுதணும். இல்லாட்டி, கலை இருக்குன்னு எழுதணும். இல்லன்னு எழுதினா இன்னியோட ஃபைல் மூடிடும். நீங்க நிம்மதியா இருக்கலாம். இந்தாங்கம்மா, வீடு உங்க பேருல இருக்கு, நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

பேனா டிக்கெட் அக்காவிடம் வந்தது. பதினோரு நாளாக அவள் கேட்டதெல்லாம் இந்த ஒரு கையெழுத்துதான். போட்டால் முடிந்தது. அவள் அந்த வரியைப் பார்த்தாள். இனி இவ்வீட்டில் கலை இல்லை. திறந்திருந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது, அலமாரி மேல் கோழி தெரிந்தது. அது எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு அவளையே பார்த்தது.

"இருக்குன்னு எழுதினா?" என்று கேட்டாள்.

"இருக்குன்னா, அகற்றப்படவில்லைன்னு போகும். மாசா மாசம் நோட்டீசு வரும். மாசா மாசம் நான் வரணும்."

"ஆறு மாசம் வந்தும் எடுக்கலன்னா?"

"ஏழாவது நோட்டீசு வரும்."

"அதுக்கப்புறம்?"

அலுவலர் யோசித்தார். இதுவரை யாரும் அவரை அவ்வளவு தூரம் கேட்டதில்லை. "எட்டாவதுதான்," என்றார்.

"அப்ப இருக்குன்னு எழுதுங்க சார்." அவள் பேனாவைத் திருப்பி நீட்டினாள். "கொல்லையில இருக்கோ இல்லையோ, அது எனக்குத் தெரியாது. என் வீட்டுல கலை இல்லன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். செத்தாலும் போட மாட்டேன்."

"யோசிச்சுத்தான் சொல்றியா?" என்றார் பல்செட்டு.

"நீங்க பேசாதீங்க. உங்ககிட்ட அப்புறம் பேசறேன்."

அலுவலர் பெருமூச்சு விட்டு அடித்து எழுதினார். *கலை இன்னும் உள்ளது. உரிமையாளர் அகற்ற மறுக்கிறார்.* உள்ளது என்பதை உல்லது என்றுதான் எழுதினார், யாரும் திருத்தவில்லை. போகும் வழியில் கூடத்தில் நின்று, முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"இது கோழியா?"

"ஆமாங்க."

தன் முன்பல்லை நாக்கால் தடவிக்கொண்டார். "அடுத்த மாசம் வரும்போது கொஞ்சம் சாவகாசமா வரேன்," என்றார்.

அவர் தலை மறைந்ததும் டிக்கெட் அக்கா கதவைச் சாத்தினாள்.

"எப்பத் தெரியும்?"

"எது?"

"பள்ளத்துக்கு வர்ற ள."

"படிச்ச அன்னிக்கே. வேரோடன்னு போட்டிருந்துச்சே. கோழிக்கு ஏது வேரு?"

"அப்ப எதுக்குங்க கல்யாணப் போட்டோவக் கழட்டி அதை மாட்டினீங்க? எதுக்கு முடி வெட்டிக்கிட்டீங்க? பதினோரு நாளா நான் ஒருத்தி உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு உங்க தங்கச்சி கையைக் காலைப் புடிச்சு, முள்ளுல கையக் கிழிச்சுக்கிட்டு..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "உள்ள அந்த மனுஷன் கேட்கக் கேட்க, ஒண்ணும் தெரியாத மாதிரி பதில் வேற. எனக்கு உசிரு போய் உசிரு வந்துச்சு. நடக்கப் போறாராம், சர்க்கரையாம்."

பல்செட்டு ஒரு குற்றவாளி மாதிரி நின்றார். நகத்து இடுக்கிலிருந்த பச்சையைச் சுரண்டினார்.

"நீ அதை நாலு தரம் படிச்ச," என்றார். "நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். முதல் தரம் பயந்த. ரெண்டாவது தரம் சுவத்தைத் திரும்பிப் பார்த்த. நாலாவது தரம் படிக்கறப்ப உன் முகத்துல ஒரு களை வந்துச்சு. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி இல்ல, வேணா போட்டோவை எடுத்துப் பாரு. அதுக்கப்புறம், அது தப்பா விழுந்த எழுத்துன்னு நான் எந்த வாயால சொல்றது?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "என்ன வந்துச்சு?"

"களை."

"எந்த ல?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "ரெண்டுமே போட்டுக்கலாம்னு நினைக்கறேன். தப்பு வராது."

அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அதற்குள் மேட்னிக்கு நேரமாகிவிட்டது. டிக்கெட் அக்கா முகம் கழுவாமலே கிளம்பினாள்.